நீர்ப்பறவைக்கு உலர்ந்த படுக்கை

ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பண்டைத் தமிழர், ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களைக் கூதிர் என்றும், மார்கழி தைத் திங்கள்களை முன்பனி என்றும் வழங்கினர். இப்பகுப்பின் பொருத்தம் கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழ்வார்க்கு நன்கு விளங்கும். வடகிழக்குப் பருவமழை வயலையும் வாய்க்காலையும் நிரப்பிச் செல்கின்றது. அந்த ஈரம் உலருமுன்னரே பனி வந்து இறங்குகின்றது. தில்லையில் மார்கழித் திருவாதிரைக்குக் கூடும் மக்கள், விடியற்காலையில் தலையில் துணி சுற்றிக்கொண்டு தேர்வீதிகளில் நடக்கின்றனர். அந்நாளில் உழவர் தம் மாட்டின்மேல் கோணியைப் போர்த்துகின்றனர். ஆட்டுக்குட்டியைத் திண்ணைக்கு ஏற்றுகின்றனர். கோழியைக் கூடையிட்டுக் கவிழ்க்கின்றனர். வாத்தினை மட்டும் எண்ணுவார் அரியர். “அது நீரிலே கிடக்கும் பறவை, அதற்குக் குளிர் ஏது? ஈரம் ஏது?” என்று கூறிவிட்டுக் கதவை அடைத்துக்கொள்கின்றனர்.

இக்கூற்றில் பாதி உண்மை. மற்றொரு பாதி, வீட்டில் வளரும் வாத்தின் உயிருக்கு உலை வைப்பது.

உண்மையான பாதி குளிரைப் பற்றியது. கடலூரில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். காசுமீரத்துச் சீநகரிலோ அதே மாதத்தில் அது நீர் உறையும் நிலைக்கும் கீழே இறங்கும். அங்கும் ஏரிக்கரையில் வாழ்வார் வாத்து வளர்க்கின்றனர். இன்னும் ஒன்று: சைபீரியா முதலிய வடபுலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும், அங்கே குளிர் மிகுங்கால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தமிழ்நாட்டு நீர்நிலைகளை நாடி வருகின்றன. எந்தப் பனிக்கு மக்கள் போர்வை தேடுகின்றனரோ, அந்தப் பனியை இளவேனிலாகக் கருதி இப்பறவைகள் இங்கு விருந்துண்ண வருகின்றன. வீட்டு வாத்தும் இவற்றின் உறவினமே. பச்சைத் தலையும் வெண்கழுத்து வளையமும் உடைய வடபுலத்துக் காட்டு வாத்தினின்றும் தோன்றியதே அது. முகத்தில் சிவந்த சதை முடிச்சுகளை உடைய மசுகோவி வாத்து ஒன்றே வேறு குலத்தது. அது தென்னமெரிக்காவின் வெப்பநாட்டுப் பறவை.

குளிரைத் தாங்குவதற்கு இயற்கை வாத்துக்கு அளித்துள்ள கருவிகள் வியக்கத்தக்கன. அதன் உடம்பின் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை. அதனை இழவாமற் காப்பது இருவகை இறகு. உடம்பையொட்டி மென்மையான தூவி அடர்ந்து, தன்னுள் காற்றை அடக்கி வைத்திருக்கும். அதன்மேல் ஓட்டுக்கூரை போலப் புற இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். புற இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலின், நீர்த்துளி உட்புகாது உருண்டோடும். வாலின் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உள்ளது. வாத்து தன் அலகால் அதனைத் தொட்டுத் தொட்டு உடம்பெங்கும் கோதுவதைக் கண்டோர் பலர். அதன் காரணத்தை அறிந்தோர் சிலர். அவ்வெண்ணெய் இறகை நெகிழ்வோடு வைத்துப் பிணைப்புக் கெடாமற் காக்கின்றது.

இறகில்லாத கால்கள் எவ்வாறு குளிரைத் தாங்குகின்றன என்று வினவலாம். உடம்பினின்று காலுக்கு இறங்கும் குருதிக்குழாயும், காலினின்று மேலேறும் குருதிக்குழாயும் அருகருகே அமைந்துள்ளன. இறங்கும் சூடான குருதி, ஏறும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கின்றது. ஆதலின் பாதம் குளிர்ந்திருப்பினும் உடம்பின் வெப்பம் வீணே வெளியேறுவதில்லை. இதற்குமேலும் குளிர் மிகுமாயின், வாத்து ஒரு காலை மடக்கி இறகினுள் மறைத்துக்கொண்டு, அலகை முதுகுத் தூவியில் புதைத்து உறங்கும். இத்தகைய பறவைக்குச் சட்டை தைத்து அணிவித்தலும், கம்பளியைப் போர்த்தலும் வேண்டாத வேலை.

ஆயினும் மார்கழியில் வாத்துகள் நோயுறுவதும் இறப்பதும் ஏன்? குளிர் கொல்லவில்லை, நிலத்தின் ஈரம் கொல்லுகின்றது. நீரும் ஈரமும் ஒன்றுதானே என்று எண்ணுதல் கூடாது. வாத்து நீரில் நீந்தும், பின்னர்க் கரையேறும், உடலை உதறும், நெடுநேரம் இருந்து இறகைக் கோதி உலர்த்தும். காட்டு வாத்தும் நாளின் ஒரு பகுதியை இவ்வாறு கரையிலேயே கழிக்கின்றது. நீந்துதற்கு நீர் எத்துணை இன்றியமையாததோ, நீந்திய பின் அமர்தற்கு உலர்ந்த நிலம் அத்துணை இன்றியமையாதது. வீட்டு வாத்துக்கோ கொல்லையில் அந்நிலம் கிட்டுவதில்லை. தன் எச்சமும் மழைநீரும் கலந்த சேற்றிலேயே இரவு முழுதும் அது படுக்கின்றது. மார்பின் கீழுள்ள இறகுகளில் சேறு அப்பிக்கொள்ள, கொக்கிகள் பிரிகின்றன, நீர் உட்புகுகின்றது, தூவியில் அடங்கியிருந்த காற்று வெளியேறுகின்றது. நனைந்த பஞ்சு மெத்தையில் படுத்தவனுக்கு எவ்வளவு வெப்பம் கிட்டுமோ அவ்வளவே அதற்கும் கிட்டும். சீநகரத்தின் உறைபனியைத் தாங்கும் பறவை, கடலூரின் சேற்றில் நடுங்குவது இதனால்தான். கொல்லைக் குட்டையில் சலவைத் தூள் கலந்த நீர் விழுந்தாலும் இதே கேடு நேரும். ஆடையின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் பொருள் இறகின் எண்ணெயை விட்டுவைக்குமா?

வாத்தின்மேல் அன்புகொண்ட இளைஞர் சிலர் இதற்கு நேர்மாறான பிழையைச் செய்கின்றனர். அவர்கள் அதனை ஒரு மரப்பெட்டியில் இட்டு, சாளரமின்றி மூடி, மேலே சாக்கையும் போட்டுவிடுகின்றனர். மயில் குளிரால் நடுங்கியதெனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். போர்வையை மயில் உடுத்தாது, போர்த்துக்கொள்ளாது என்பதை அறிந்தும் அவன் அதனை ஈந்தான். சான்றோர் அச்செயலைக் கொடைமடம் என்று பெயரிட்டுப் புகழ்ந்தனர். மடம் என்னும் சொல்லையும் அப்பெயரில் மறவாமல் வைத்தனர். பேகனின் மயிலுக்கு அப்போர்வையால் தீங்கு நேரவில்லை. அது தோகையை உதறிவிட்டுக் காட்டுக்குச் சென்றிருக்கும். பெட்டியில் அடைபட்ட வாத்தோ எங்கும் செல்லவியலாது. கோழியின் எச்சத்தினும் வாத்தின் எச்சத்தில் நீர் மிகுதி. மூடிய பெட்டியில் அந்நீர் ஆவியாகிச் சுவரில் வியர்த்து வடியும்; எச்சம் அழுகி அம்மோனியா என்னும் நெடிமிக்க ஆவி எழும். கண் எரிந்து, மூச்சு இளைத்து, குளிருக்கு அஞ்சி அடைக்கப்பட்ட பறவை காற்றின்றி வாடும்.

எனவே வாத்தின் இரவுத் தங்கலுக்கு வேண்டுவன இரண்டு: கீழே உலர்ச்சி, மேலே காற்று. சிதம்பரத்தைச் சூழ்ந்த வயல்நாட்டில் களிமண் மிகுதி. ஒரு முறை நனைந்தால் பல நாள் உலராது. அங்குக் கொட்டிலின் தரையை உடைகல்லும் மணலும் இட்டு ஒரு முழமேனும் உயர்த்துதல் வேண்டும். கடலூரின் கடலோர மணற்பாங்கு நீரை விரைவில் உறிஞ்சுமாதலின், அங்கே இவ்வளவு உழைப்பு வேண்டுவதில்லை. தரையின்மேல் வைக்கோலோ உமியோ இழைப்புளிச் சீவலோ தடிப்பாகப் பரப்புக. நாள்தோறும் நனைந்த பகுதியை அள்ளி எருக்குழியில் இட்டு, அவ்விடத்தில் புதியது பரப்புக. படுக்கை உலர்ந்துள்ளதா என்று அறிய ஒரு கருவியும் வேண்டா; உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி எடுத்தால் போதும். கையில் ஈரம் தட்டுமாயின் வாத்தின் மார்பிலும் தட்டும். பூஞ்சை படர்ந்த வைக்கோலை மட்டும் எக்காரணத்தாலும் இடலாகாது; அதன் தூள் பறவையின் நுரையீரலில் புகுந்து நோய் விளைக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மாரியும் பனியும் இவ்விரு திசைகளினின்றே இப்பகுதிக்கு வருதலின், கொட்டிலின் வடபுறத்தையும் கீழ்ப்புறத்தையும் கீற்றுத் தட்டியால் அடைத்து, வாயிலைத் தெற்கு நோக்கி வைத்தல் நன்று. எனினும் கூரைக்குக் கீழே நான்கு புறமும் ஒரு சாண் அளவு திறப்பு இருத்தல் வேண்டும். அமர்ந்திருக்கும் வாத்தின்மேல் காற்று அடிக்கலாகாது; தலைக்குமேல் ஆவி வெளியேற வேண்டும். ஒரு வாத்துக்கு 3 சதுர அடி இடம் இரவுக்குப் போதும். கீரியும் காட்டுப்பூனையும் நுழையாவண்ணம் திறப்புகளில் கம்பிவலை அடித்தல் இன்றியமையாதது.

வாத்தைத் தனியே ஒன்றாக வளர்த்தல் கொடுமை என்றே சொல்லுதல் வேண்டும். ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து வெப்பத்தைப் பகிர்ந்துகொள்வது இவற்றின் இயல்பு. அதனினும் பெரிதாகிய காரணம் ஒன்று உண்டு. வரிசையாக உறங்கும் வாத்துகளுள், ஓரத்தில் இருப்பன ஒரு கண்ணைத் திறந்து, மூளையின் ஒரு பாதியை விழிப்பாக வைத்துக்கொண்டே உறங்குகின்றன என்றும், நடுவில் இருப்பன இரு கண்ணும் மூடி அயர்ந்து உறங்குகின்றன என்றும் அமெரிக்க நாட்டு அறிஞர் சிலர் 1999-ஆம் ஆண்டில் ஆய்ந்து வெளியிட்டனர். தனித்திருக்கும் வாத்துக்கு எல்லாப் பக்கமும் ஓரமே. நீண்ட பனியிரவில் அதன் உறக்கம் எத்தகையதாக இருக்கும்!

இவற்றையெல்லாம் நூலில் கல்லாமலே அறிந்தவர் வாத்து மேய்ப்போர். சம்பா அறுவடை முடிந்ததும், தையிலும் மாசியிலும், நூற்றுக்கணக்கான வாத்துகளை நீண்ட கோலொன்றினால் நடத்திக்கொண்டு அவர்கள் வயல்தோறும் செல்கின்றனர். சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் வாத்துகள் மேய்கின்றன. நிலம் எருவைப் பெறுகின்றது. கீரி, சன்யாசி என்று இறகின் நிறம் நோக்கி வழங்கும் நாட்டு வகைகள் இவ்வாழ்க்கைக்கு ஏற்றவை. பொழுது சாயுங்கால் மேய்ப்போர் நீரருகே பட்டி போடுவதில்லை. மேடான காய்ந்த நிலத்தைத் தேடியே வலையை வளைத்துக் கட்டுகின்றனர். மேலே கூரையில்லை, பனி பொழிகின்றது, வாத்துகள் நலமே உறங்குகின்றன. கீழே உலர்ந்திருத்தலின் மேலே பொழியும் பனி அவற்றை ஒன்றும் செய்வதில்லை. வீட்டுக் கொல்லையின் செல்ல வாத்தைவிட நாடோடி வாத்து நன்றாக உறங்குகின்றது என்பது வளர்ப்போர் சிந்தித்தற்குரியது.

குளிர்நாளில் உடம்பின் வெப்பத்தைக் காக்க உணவும் சற்று மிகுதியாக வேண்டும். அடைவதற்கு முன் மாலையில் நெல்லோ நொய்யோ கொடுத்தல் நன்று. தவிடும் தக்க உணவே. வாத்து நீரின்றி இரையை விழுங்க இயலாதது. ஆதலின் இரை வைக்குமிடத்தில் நீரும் வைத்தல் வேண்டும். அந்நீர், அலகும் மூக்குத்துளையும் கண்ணும் மூழ்கிக் கழுவப்படுமாறு அரைச்சாண் ஆழத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். குளிருக்கு அஞ்சி நீரைக் குறைத்தல் தவறு. கலத்தைக் கொட்டிலுக்கு வெளியே கல் பரப்பிய இடத்தில் வைத்தால் படுக்கை நனையாது.

உணவில் மாரிக்காலத்துக்கே உரிய பேரிடர் ஒன்றுண்டு. கடலூர் மாவட்டம் மணிலாக்கொட்டை விளையும் மாவட்டம். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு எளிதிற் கிடைத்தலின் வாத்துக்கும் அதனை இடுவோர் உளர். ஈரக்காற்றில் வைத்த பிண்ணாக்கிலும் கொட்டையிலும் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து நஞ்சை உண்டாக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. பிரேசில் நாட்டினின்று வந்த மணிலாப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர்த் தெளிந்தனர்; அதிலிருந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அந்நஞ்சால் மிக எளிதில் மடிவது வாத்துக் குஞ்சு. ஓர் உணவில் அந்நஞ்சு உண்டோ இல்லையோ என்று அறிதற்கு ஆய்வாளர் ஒரு காலத்தில் வாத்துக் குஞ்சுக்கே அதனை ஊட்டிப் பார்த்தனர் எனின், வேறு சான்று எதற்கு? கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு எளிதில் அழியாது. ‘மாட்டுக்கு ஆகாத பிண்ணாக்கை வாத்துக்குப் போடு’ என்னும் சிக்கனம் இந்த இடத்தில் செல்லாது. கட்டி தட்டிய, நெடி வீசும், நிறம் மாறிய பிண்ணாக்கு குப்பைக்கே உரியது.

இதுவரை கூறியது வளர்ந்த வாத்தினைப் பற்றியது. குஞ்சின் நிலை வேறு. மிகுதியாக முட்டையிடும் வாத்து வகைகள் அடைகாத்தலை மறந்துவிட்டமையின், சிற்றூர்களில் கோழியை அடைவைத்து வாத்து முட்டையைப் பொரிப்பித்தல் வழக்கம். 28 நாளில் குஞ்சு வெளிவரும். சில நாளில் குஞ்சுகள் குட்டையில் இறங்க, தாய்க்கோழி கரையில் நின்று கதறும். அதைக் கண்டு சிரியாதார் இல்லை. ஆனால் மார்கழிக் காலையில் கதறும் அக்கோழியின் பக்கமே நியாயம் இருக்கின்றது. குஞ்சின் உடம்பில் இருப்பது தூவி மட்டுமே. நீர் புகாத புற இறகு நிரம்ப ஏழெட்டு வாரம் ஆகும். நெடுநேரம் நனைந்த குஞ்சு விறைத்து இறக்கும். முதல் வாரத்தில் அதற்கு 30 முதல் 32 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகையாகக் குறைத்து வரலாம். தாயின் சிறகில்லாத இடத்தில் ஒரு மின்விளக்கைத் தாழக் கட்டி, ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் தணிவும் இருக்குமாறு செய்தால், குஞ்சுகளே தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். அவை விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர் என்க. வாயைத் திறந்து விலகி ஓடினால் வெப்பம் மிகுதி என்க.

வெள்ளத்தைப் பற்றிக் கூறாமல் இம்மாவட்டத்தில் எப்பறவையைப் பற்றியும் கூற இயலாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மழை ஓய்ந்துவிட்டது என்று எண்ணும் மார்கழி நடுவில் அது வந்தது. 2015-ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘பெஞ்சல்’ புயல் கரை கடந்த பின்னர், தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்ந்த பகுதிகளுள் புகுந்தது. இத்தகைய இரவில் வாத்துக்கு என்ன தீங்கு வரும் என்று மக்கள் எண்ணுகின்றனர். திறந்த வெளியிலிருக்கும் வாத்து ஒருவேளை நீந்தித் தப்பும். பூட்டிய கூண்டிலுள்ள வாத்தோ, நீர் கூரையைத் தொடுமளவில் மூச்சுக்கு வழியின்றி மூழ்கியே இறக்கும். நீந்தப் பிறந்த பறவை தன் வீட்டினுள்ளே மூழ்கி இறத்தலைவிடக் கொடியது யாது? புயல் எச்சரிக்கை வந்த அன்றே வாத்துகளை மூங்கிற் கூடையிலிட்டுத் திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுசெல்லுதல் வேண்டும். அது இயலாதாயின் கூண்டின் கதவைத் திறந்தேனும் விடுதல் வேண்டும். கூண்டினுள் அடைபட்டுள்ள உயிர்க்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை அடைத்தவன் பறித்துவிட்டான். ஆதலின் காக்கும் கடமையும் அவனையே சாரும்.

நோயைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை. வாத்துக் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரை அணுகி உரிய வயதில் இடுவிக்கலாம். வலசை வரும் காட்டு வாத்துகள் இறங்கும் ஏரியில் வீட்டு வாத்தை மேயவிடாதிருத்தல் நலம். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்துக் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் தோன்றி, வாத்து வளர்த்தோர் பெருந்துன்பம் உற்றனர். இறந்த பறவையை வெறுங்கையால் தொடாமையும், கொட்டிலைத் தூய்மை செய்த பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும் மாணவர் மறவாதிருத்தற்குரியன.

கூதிரிலும் முன்பனியிலும் அங்காடிகளில் கூடை கூடையாக விற்கும் வாத்துக் குஞ்சுகளைக் கண்டு, கையிலுள்ள காசைக் கொடுத்து ஒன்றை வாங்கி அட்டைப் பெட்டியில் இட்டு வரும் சிறுவர் பலர். அவ்வொற்றைக் குஞ்சு ஈரத்தில் நான்கு நாள் தங்குவதும் அரிது. வாத்து வளர்க்க விரும்புவோர் மாரியிலும் பனியிலும் கொட்டிலைக் கட்டி, தரையை உயர்த்தி, வைக்கோலைக் காயவைத்துக் கூரையின் கீழ்ச் சேர்த்துவைக்கட்டும். மாசியில் வயல் உலர்ந்து வெயில் ஏறும்போது, மூன்று அல்லது நான்கு குஞ்சுகளாக வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழும்போது அவற்றுக்கு இறகு நிரம்பியிருக்கும்.